மிளகளவு பச்சை

என் பேத்தி ஒரு ஆங்கில நாவலைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டுவிட்டுப் போனாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். எழுத்து சிறியது. என் கண்ணுக்கு ஒரு நாளைக்கு முப்பது பக்கத்துக்கு மேல் ஓடாது. பதினோரு நாளில் முடித்தேன். இந்தக் காலத்துக் கோலாலம்பூரில் நடக்கிற கதை. வசதியான ஒரு வீட்டம்மா, தன் வீட்டில் வேலை செய்த இந்தோனேசியப் பெண்ணின் குழந்தையைத் தானே எடுத்து வளர்க்கிறாள். பள்ளிக்கூடம், பியானோ, பிறந்தநாள் கேக், எதிலும் குறை வைக்கவில்லை. எல்லாம் நல்ல எண்ணம்தான். கடைசியில் அந்தப் பிள்ளை அவளை மன்னிக்காமலேயே போய்விடுகிறது.

"என்ன தாத்தா, முடிச்சாச்சா?" என்று பேத்தி கேட்டாள். "அந்த மேடம் நல்லவங்களா கெட்டவங்களா? எங்க ஆபீஸ்ல இதுக்குப் பெரிய சண்டையே நடக்குது லா."

"நல்லவங்கதான்" என்றேன்.

"அலமாக்! நீங்களும் அவங்க பக்கமா?"

நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டாள். மின்விசிறியை நிறுத்தவில்லை. இந்த பெர்மாஸ் ஜெயா வீட்டில் ஆளில்லாத அறையில் சுற்றும் விசிறியை நிறுத்த நான் ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது எழுந்திருக்கிறேன். அன்றும் எழுந்து நிறுத்தினேன். சத்தம் அடங்கியதும் என் அம்மாவின் குரல் கேட்டதுபோல் இருந்தது.

"உயிரோடதானே திருப்பிக் குடுத்தோம்?"

அம்மா இறந்து நாற்பத்தோரு வருடம் ஆகிறது. சாகும்வரை இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார். கீரை ஆயும்போது சொல்வார். பூசைக்குக் கிளம்பும்போது, செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே சொல்வார். யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

யோங் பெங்கிலிருந்து பத்து பாகாட் போகும் சாலையில் இருந்தது எங்கள் தோட்டம். ரப்பர் தோட்டம். அப்பா அங்கே பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்தபடி ஆபீசில் அவர்தான். அவரைக் கண்டால் லயத்து ஆட்கள் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்பார்கள். எங்கள் வீடு மேட்டில், ஆறு சன்னல்களோடு. தொழிலாளர்களின் லயங்கள், வரிசை வரிசையான வீடுகள், பள்ளத்தில். லயத்தில் பெரும்பாலோர் மாரியம்மன் கோயில்காரர்கள். நாங்கள் கத்தோலிக்கர்கள். நான் பத்து பாகாட்டில் உறவினர் வீட்டில் தங்கி ஆங்கிலப் பள்ளியில் படித்தேன். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. மேட்டு வீடு, ஆங்கிலம், கோயில் என்று இவையெல்லாம் சேர்ந்துதான் பின்னால் நடந்ததைச் செய்தன என்று இப்போது படுகிறது.

ஜப்பான்காரன் வந்தபோது எனக்குப் பதினாறு வயது. துரை சிங்கப்பூர்ப் பக்கம் ஓடிவிட்டார். பள்ளிக்கூடம் மூடிவிட்டது. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். வீட்டில் அப்பா, அம்மா, நான், பன்னிரண்டும் எட்டும் வயதான இரண்டு தங்கைகள். ஐந்து பேர்.

தோட்டத்துக்குள் திரும்பும் முனையில், சாலையோரமாக, சீனர் ஒருவர் மளிகைக்கடை வைத்திருந்தார். சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழமும் கிறிஸ்துமஸுக்கு பிஸ்கட் டின்னும் அவர் கடையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும். முட்டை எண்ணும்போது அவர் ஒரு ராகம் போட்டு எண்ணுவார். ஒரு கையில் இரண்டிரண்டாக எடுத்து, ஹொக்கியன் சீனத்தில் இழுத்து இழுத்து, பாட்டு மாதிரி. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய மகளும் கூடவே எண்ணும். ஐந்து வயது. எல்லோரும் அவளை 'அமோய்' என்று கூப்பிடுவார்கள். அது பெயரே அல்ல. சீனப் பெண்பிள்ளை யாராக இருந்தாலும் அமோய்தான். அவளுக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் ஐந்து பேரில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை.

ஒரு காலை ஜப்பான் ராணுவ லாரி வந்தது. சீனாவோடு சண்டையிலிருந்த அவர்களுக்குச் சீனர் எல்லோரும் எதிரிகள். சாலையோரக் கடைகளிலிருந்த சீன ஆண்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏழு பேர். கடைக்காரரும் அதில் ஒருவர். ஒருவர்கூடத் திரும்பவில்லை. அதே லாரியில் வந்த ஒரு சிப்பாய் ஆபீஸ் பக்கம் வந்து, அப்பாவைப் பார்த்து, "இந்தோ?" என்றான், இந்தியனா என்று. அப்பா, "இந்தோ, இந்தோ" என்று இடுப்பு மடியக் குனிந்தார். அவன் அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டான். முதுகில் தட்டிவிட்டுப் போனான். ஒரே சாலைதான். அவர்களுக்கு லாரி, எங்களுக்கு முதுகில் ஒரு தட்டு.

மறுநாள் மத்தியானம் கடைக்காரரின் மனைவி எங்கள் சமையலறை வாசலில் வந்து நின்றார். அப்போது நாங்கள் 'சீனத்தி' என்றுதான் சொல்வோம். இப்போது அப்படி எழுதக் கை வரவில்லை. கடைக்காரம்மா என்று எழுதுகிறேன். முதுகில் துணியால் கட்டிய ஆண் கைக்குழந்தை. கையில் அமோய். அவள் உடம்பு காய்ச்சலில் அனலாகக் கொதித்தது.

எங்களுக்கும் அவர்களுக்கும் பொதுவாக இருந்தது கடைத்தெரு மலாய் மட்டும்தான். அம்மாவுக்கு அதுவும் சரியாக வராது. நான்தான் நடுவில் நின்று சொன்னேன்.

"கடலோரத்துல அவங்க அண்ணன் இருக்காராம். சதுப்பு வழியாத்தான் போகணுமாம். ரெண்டையும் தூக்கிக்கிட்டு நடக்க முடியாதாம். காய்ச்சல் விட்டதும் வந்து கூட்டிக்கிறேங்கறாங்க."

அப்பா வீட்டில் இல்லை. சீனர்களை ஒளித்து வைத்தவர்களுக்கு என்ன நடக்கும் என்பது அந்த ஒரே நாளில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அம்மா ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "போகச் சொல்லு, சீக்கிரம். வெயில் ஏறுது" என்றார். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அநியாயம். அந்த வட்டாரத்தில் வேறு எந்தக் கிராணி வீட்டிலும் அப்படிக் கதவு திறந்திருக்காது.

காய்ச்சல் இறங்க ஒன்பது நாள் ஆயிற்று. எங்களுக்கென்று பதுக்கி வைத்திருந்த கொயினா மாத்திரைகளில் பாதிக்கு மேல் அவளுக்குக் கொடுத்தார் அம்மா. அப்பா முணுமுணுத்தார். "நம்ம புள்ளைங்களுக்கு வந்தா அப்ப ஆண்டவர் பாத்துக்குவாரு" என்று அம்மா வாயை அடைத்தார். காய்ச்சல் விட்டது. கடைக்காரம்மா வரவில்லை. மழை வந்தது, மாதங்கள் போயின, வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அம்மா அவளைத் தமிழச்சியாக்கும் வேலையை ஆரம்பித்தார். முதலில் தலைமுடி. நேராக வெட்டியிருந்த முன்முடியை எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னினார். காதைக் குத்தினார். என் சின்னத் தங்கையின் பழைய பாவாடையைப் போட்டுவிட்டார். லயத்துக் கோயிலிலிருந்து கொஞ்சம் குங்குமம் வாங்கிவரச் சொல்லி நெற்றியில் பொட்டு வைத்தார். எங்கள் வீட்டில் பொட்டு வைக்கும் வழக்கம் கிடையாது. என் தங்கைகளின் நெற்றி வெறுமையாகத்தான் இருக்கும். லயத்துப் பிள்ளை என்றால் பொட்டு இருக்கும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது அம்மாவின் கணக்கு.

அடுத்தது வாய். வீட்டுக்குள் சீனம் ஒரு சொல்கூடக் கூடாது. பேசினால் தண்டனை இல்லை. ஆனால் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவள் தண்ணீர் கேட்டால், தமிழில் கேட்கும்வரை எங்களுக்குக் காது கேட்காது. அவளுக்கு எண்ணிக்கை சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு. பள்ளிக்கூடம் இல்லாமல் சும்மா கிடந்த எனக்கு அதில் ஒரே உற்சாகம். ரப்பர் விதைகளை வரிசையாக வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று. பத்து வரை பிசகாமல் சொன்னால் ஒரு துண்டு தென்னங்கருப்பட்டி. அவள் கெட்டிக்காரி. மூன்று வாரத்தில் நூறு வரை வந்துவிட்டாள்.

ஒரு நாள் ரப்பர் குச்சி இரண்டை உடைத்து, அவற்றால் மரவள்ளிக்கிழங்கைக் கவ்விச் சாப்பிட்டாள். தங்கைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அம்மா, இங்க பாருங்க, கொக்கு மாதிரி தின்னுது!" அம்மா குச்சியைப் பிடுங்கி அடுப்பில் போட்டு, அவளுடைய ஐந்து விரலையும் குவித்துப் பிடித்துக் காட்டினார். "இப்படி. மனுஷங்க மாதிரி." கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் இன்று என்னைத் தொந்தரவு செய்கிறது.

எங்கள் வீட்டில் பீங்கான் தட்டு ஆறு. ஆட்களும் இப்போது ஆறு. ஆனால் அவள் தகரத்தட்டில் சாப்பிட்டாள். ஆறாவது தட்டு விருந்தாளிக்கு. அந்த மூன்றரை வருடத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு விருந்தாளியும் வரவில்லை. தட்டு அலமாரியிலேயே இருந்தது. சோற்றில் அம்மா ஓரவஞ்சனை செய்யவில்லை. அரிசி அருமையாகிப்போன நாட்களிலும் ஆறு பங்கும் ஒரே அகப்பைதான். தங்கைகள் கட்டிலில் படுத்தார்கள். அவள் கீழே பாயில். தங்கைகள் படித்தார்கள், அவள் கூட்டினாள், பாத்திரம் தேய்த்தாள். "சும்மா உக்காந்திருந்தா பாக்கறவனுக்குச் சந்தேகம் வரும்" என்று அம்மா காரணம் சொன்னார். எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. அத்தனையும் சரியான காரணங்கள்.

அவள் வந்து ஏறக்குறைய ஒரு வருடம் இருக்கும். கோழி தேடி மூன்று சிப்பாய்கள் மேட்டுக்கு வந்தார்கள். அவள் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். வெயிலில் வேர்த்துப் பொட்டு வழிந்திருந்தது. ஒருவன் அவளுடைய தாடையைத் தூக்கிப் பார்த்தான். கட்டை விரலால் நெற்றியைத் தேய்த்தான். விரலில் ஒட்டிய சிவப்பை மற்ற இருவருக்கும் காட்டிச் சிரித்தான்.

"சீனா?"

அம்மாதான் ஓடிவந்து, அவளை இழுத்துத் தன் சேலைக்குள் அணைத்துக்கொண்டு, "இந்தோ! இந்தோ! என் புள்ள!" என்று கத்தினார். அந்தச் சிப்பாய் அம்மாவைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான். நல்ல மனநிலையில் இருந்தான் போலிருக்கிறது. இரண்டு கோழிகளைக் காலைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். "இன்னொரு தடவை இப்படி நடந்தா அஞ்சு தலையும் போகும். துடைச்சாப் போற பொட்ட வச்சு எத்தனை நாள் ஏமாத்துவ?"

"துடைச்சாப் போகாத மாதிரி வச்சுட்டா?" என்றார் அம்மா.

லயத்தில் ஒரு அக்கா பச்சை குத்துவார். ஊசி மூன்றைச் சேர்த்துக் கட்டி, அகத்திக்கீரையையும் மஞ்சளையும் கருக்கி, தாய்ப்பாலில் குழைத்து வைத்துக்கொண்டு, பாட்டுப் பாடியபடியே குத்துவார். லயத்துப் பெண்கள் கையில் தேள், கோலம், புருஷன் பெயரின் முதல் எழுத்து என்று ஏதாவது ஒன்று பச்சையாக இருக்கும். மேட்டு வீடுகளில் யாருக்கும் இருக்காது. அந்த அக்காவின் கணவரை அப்போதுதான் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டு போயிருந்தார்கள். லயத்திலிருந்து போனவர்கள் பலர். ஆபீஸ்காரர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் யாரும் கூப்பிடவில்லை.

அம்மா ஆள் அனுப்பினார். அக்கா ஊசியோடு எங்கள் பின்வாசலில் வந்து உட்கார்ந்தார்.

"கிராணியம்மா வீட்டுல பச்சையா! மழைதான் கொட்டப்போகுது" என்று சிரித்தார். "எங்க குத்தணும்? கையிலயா?"

"நெத்தியில. பொட்டு மாதிரி."

"நெத்தியில வேணாம்மா. கையின்னா நாளைக்குச் சட்டையப் போட்டு மறைச்சுக்கலாம்."

"மறைக்கக் கூடாதுன்னுதானே குத்தச் சொல்றேன்."

அக்கா கரியைக் குழைத்தார். கதவுப் பக்கம் நின்று எட்டிப் பார்த்த என் தங்கைகளைக் கண்டு, "சின்னம்மாங்களே, வாங்க! கரி மிச்சம் இருக்கு. ஆளுக்கொரு புள்ளி வச்சுடறேன்" என்றார்.

"போடி!" என்றார் அம்மா. "எங்க புள்ளைங்களுக்கு எதுக்கு இந்த அசிங்கம்?"

சொன்ன பிறகுதான் அக்காவின் முழங்கைக்குக் கீழே இருந்த பச்சைத் தேள் அம்மாவின் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அக்காவும் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அதுவும் சரிதாம்மா" என்றார்.

நான் குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். அழாமலிருக்க ஒரு யோசனை சொன்னேன்: எண்ணு. ஒவ்வொரு குத்துக்கும் ஒன்று. முடிந்ததும் கருப்பட்டி. அவள் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். அக்கா பாட ஆரம்பித்தார். அவள் எண்ண ஆரம்பித்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. எட்டு வரை அப்படித்தான் வந்தது. ஒன்பதாவது குத்து எலும்பில் பட்டது போலிருக்கிறது. உடம்பு வில்லாக வளைந்தது. அப்புறம் அவள் வாயிலிருந்து வந்த எண்கள் வேறு. அவளுடைய அப்பா கடையில் முட்டை எண்ணுகிற ராகம். அழுகையோடு, இழுத்து இழுத்து.

அம்மா அவள் வாயைப் பொத்தினார். "வேணாண்டா கண்ணு. அது வேணாம். அண்ணன் சொல்லிக்குடுத்தத சொல்லு." உள்ளங்கைக்கு அடியில் அந்த ராகம் கொஞ்ச நேரம் முனகிவிட்டு நின்றது. அம்மா கையை எடுத்தபோது அவள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். தமிழில். இருபத்து மூன்றில் முடிந்தது. புருவ நடுவில் ஒரு மிளகளவுக்கு ரத்தமும் கரியும்.

நான் கருப்பட்டியைக் கொடுத்தேன். அவள் தின்றாள்.

அந்த நாளுக்குப் பிறகு சீனம் அவள் வாயில் வரவே இல்லை. தூக்கத்தில்கூட இல்லை. நாங்கள் அதைப் பெரிய வெற்றியாக நினைத்தோம். புண் ஆறி, பச்சை ஏறி, வழுவழுப்பான ஒரு புள்ளி நின்றது. அதற்கப்புறம் சிப்பாய்கள் நான்கு முறை வந்தார்கள். ஒருவனும் அவளை இரண்டாம் தடவை பார்க்கவில்லை. அம்மாவின் கணக்கு தப்பவில்லை. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அவளுக்கும் எங்கள் வீடு பழகிவிட்டது. அம்மா ஜெபமாலை சொல்லும்போது மடியில் தலைவைத்துப் படுப்பாள். "அம்மா" என்று கூப்பிடுவாள். அவளுக்கு வைத்த ஞானப்பெயரைச் சொல்லி அம்மாவும் கூப்பிடுவார். ஒரு புனிதையின் பெயர். அதை இங்கே எழுதவில்லை. அதுவும் அவளைக் கேட்டு வைத்ததல்ல.

சண்டை முடிந்தது. முடிந்த பிறகும் பத்து பாகாட் பக்கம் சில மாதம் நிலைமை சரியில்லை. யாரும் சாலையில் நடமாடவில்லை. எல்லாம் அடங்கிய பிறகு, ஒரு காலை எட்டு மணி வாக்கில், மேட்டுப் பாதையில் ஒரு பெண் ஏறி வந்தார். கூட நான்கு வயதுப் பையன். தலையில் பனையோலைத் தொப்பி; கையில் ஒரு கூடை, அதில் வாத்து முட்டை. முகத்தில் எலும்பு மட்டும் மிச்சமிருந்தது. எனக்கு அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அவள் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கடைக்காரம்மா நின்றார். ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டு அசை. முதல்முறையாக அன்றுதான் அந்தப் பெயரைக் கேட்டேன். அவள் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். அவள் நிமிர்ந்து, வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அக்கா! யாரோ ஒரு சீனத்தி வந்திருக்கா! முட்டை விக்கிறா போல!"

என் தங்கை உள்ளேயிருந்து, "எவ்வளவுன்னு கேளு!" என்றாள்.

கடைக்காரம்மா என்னைப் பார்த்து மலாயில் கேட்டார்: "என்ன சொல்கிறாள்?"

"வெட்கப்படுகிறாள்" என்றேன்.

அம்மா வெளியே வந்தார். பார்த்தவுடன் புரிந்துகொண்டார். கடைக்காரம்மா கும்பிட்டார். பிறகு தரையில் குந்தி உட்கார்ந்து, எங்கள் முறத்தை இழுத்து, முட்டைகளை இரண்டிரண்டாக எடுத்து அடுக்கினார். அடுக்கும்போது எண்ணினார். அதே ராகம். செத்துப்போன மனிதரின் ராகம்.

விளக்குமாற்றின் சத்தம் நின்றது.

அவள் எங்களுக்கு முதுகு காட்டி நின்றாள். முகம் தெரியவில்லை. நான்கு முட்டை, ஆறு முட்டை. விளக்குமாறு அப்படியே இருந்தது. பிறகு மறுபடி கூட்ட ஆரம்பித்தாள், முன்னைவிட வேகமாக. நான் மட்டும்தான் பார்த்தேன். கடைக்காரம்மா முட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த நேரத்தில் நான் மலாயில் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அவளுக்கு ஞாபகம் இருக்கிறது, எண்ணுவதை நிறுத்தாதீர்கள் என்று. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை.

"வீடு இருக்கான்னு கேளு" என்றார் அம்மா.

கேட்டேன். "அத்தாப்பு ஓலைக் குடிசையாம். காய்கறித் தோட்டத்துல."

"சோறு?"

"கிழங்குதானாம்."

"அப்ப இங்கயே இருக்கட்டும்னு சொல்லு. நல்லாப் படிக்க வச்சுக் கட்டிக்குடுக்கறோம். அவ நெனச்சப்ப வந்து பாத்துட்டுப் போகட்டும். நாங்க என்ன வேணாம்னா சொல்றோம்? குடிசையில போய்ச் சீரழியணுமா அந்தப் புள்ள? சொல்லுடா."

சொன்னேன். என் மலாயில் அது இன்னும் மரியாதையாக வந்தது. நல்ல யோசனை போலவே இருந்தது. கடைக்காரம்மா முழுவதும் கேட்டார். பிறகு எழுந்து போய், மகளின் தோளைப் பிடித்துத் திருப்பினார். அப்போதுதான் நெற்றியைப் பார்த்தார்.

சட்டையின் ஓரத்தை நாக்கில் நனைத்து, நெற்றியைத் துடைத்தார். புள்ளி இருந்தது. இன்னும் அழுத்தித் துடைத்தார். சுற்றிலும் தோல் சிவந்தது. பச்சை அப்படியே நின்றது. மூன்றாம் தடவை தேய்க்கும்போது அவள், "அம்மா!" என்று எங்கள் அம்மாவைப் பார்த்து அலறினாள். கடைக்காரம்மா என்னிடம் திரும்பினார்.

"ஏன் போகவில்லை?"

"அது போகாது" என்றேன். ஊசி, சிப்பாய்கள், அம்மாவின் பயம் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அந்த அம்மாளுக்குப் புரிந்தது. தலையாட்டினார். பிறகு வாசலில் வந்து நின்ற என் பெரிய தங்கையின் நெற்றியைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற சின்னவளின் நெற்றியைப் பார்த்தார். வெறும் நெற்றி இரண்டு. கடைசியாக அம்மாவின் நெற்றியைப் பார்த்தார்.

"தெரிமா காசே" என்று மலாயில் நன்றி மட்டும் சொன்னார். உண்மையாகத்தான் சொன்னார்; கண்ணில் தண்ணீர் நின்றது. இரண்டு முறை சொன்னார்.

அந்தப் பார்வைக்குப் பிறகு அம்மா ஒரு வார்த்தை வாதாடவில்லை. அவள் ஓடிவந்து வாசல் தூணைக் கட்டிக்கொண்டாள். "நான் போமாட்டேம்மா! நான் நல்லாக் கூட்டறேம்மா!" அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தூணிலிருந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பத்து விரல். பிரித்துக் கடைக்காரம்மாவின் கையில் வைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர்கள் இறங்கிப் போனார்கள். அவள் தமிழில் அழுதுகொண்டு போனாள். கடைக்காரம்மா ஏதோ சொல்லித் தேற்றினார். அது அவளுக்குப் புரிந்திருக்காது. நடுவில் நின்று சொல்ல அங்கே நான் இல்லை. அந்தச் சின்னப் பையன் மட்டும் திரும்பித் திரும்பி எங்கள் வீட்டைப் பார்த்தான்.

அன்று மத்தியானம் அம்மா ஆறு பேருக்கு வடித்துவிட்டார். மிச்சச் சோற்றைத் தகரத்தட்டில் போட்டு, அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னார். "உயிரோடதானே திருப்பிக் குடுத்தோம்?" அப்பா, "ஆமா, ஆமா" என்றார். அந்த வாத்து முட்டைகளை யாரும் தொடவில்லை. பதினெட்டு. கெட்டுப்போன பிறகு லயத்துக்குப் பின்னால் புதைத்தேன்.

பிறகு கேள்விப்பட்டதெல்லாம் கொஞ்சம்தான். காய்கறித் தோட்டத்தை விட்டு அவர்கள் சிங்கப்பூர் போய்விட்டதாக ஒருவர் சொன்னார். பத்து பாகாட்டிலேயே தம்பி சைக்கிள் கடை வைத்திருப்பதாக இன்னொருவர் சொன்னார். அந்தக் கடையை இரண்டு முறை தேடிப் போனேன். வாசல்வரை போய்விட்டுத் திரும்பினேன். உள்ளே போய் என்ன பெயர் சொல்லி விசாரிப்பது? கடைக்காரம்மா அன்று கூப்பிட்ட அந்த இரண்டு அசை என் காதில் நிற்கவில்லை. வாழ்க்கையில் எத்தனையோ எண்களை மறக்காமல் வைத்திருக்கிறேன். அது மட்டும் போய்விட்டது.

நேற்று இரவுச் சாப்பாட்டில் பேத்தி மறுபடி அந்த நாவலைப் பற்றிக் கேட்டாள். "நல்லவங்கன்னா, அந்தப் புள்ள ஏன் தாத்தா மன்னிக்கல?"

"நல்லவங்க என்ன செஞ்சாங்கன்னு அதோட உடம்புல இருக்கும்மா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. கைபேசியை எடுத்துக்கொண்டாள்.

பெர்மாஸ் ஜெயாவின் காலைச் சந்தைக்கு மருமகளோடு நானும் போகிறேன். காய்கறி வாங்க என்னை யாரும் நம்புவதில்லை. ஓரத்தில் நிற்க வைத்துவிட்டுப் போவார்கள். நின்றபடி, போகும் சீனப் பாட்டிகளின் நெற்றியைப் பார்ப்பேன். எனக்கு எண்பத்தெட்டு. அவள் இருந்தால் எழுபத்தேழு. புருவம்வரை முன்முடியை வெட்டி இறக்கிவிட்டவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். இன்று காலை ஒன்பது பேர். காற்றடித்து முடி கொஞ்சம் விலகாதா என்று பார்ப்பேன். விலகி, புள்ளி இருந்தால் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியாது. மருமகள் வந்து, "வாங்க மாமா, போலாம், வெயில் ஏறுது" என்பாள். பைகளை எண்ணிக்கொண்டு அவள் பின்னால் நடப்பேன்.